எம்.டெக். இடத்துக்கான கோஆப் தளம்: பயன்படுத்தியவனின் மதிப்புரை

பொறியியல் முதுநிலைப் படிப்புகளுக்கான கேட் நுழைவுத் தேர்வில் தேறி ஐஐடி ஒன்றில் எம்.டெக். படிக்க நினைக்கும் எவரும் கோடை விடுமுறையில் கோஆப் (காமன் ஆஃபர் அக்செப்டன்ஸ் போர்ட்டல்) என்ற இணையதளத்தின் முன் உட்கார்ந்தே ஆக வேண்டும். ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் தங்கள் எம்.டெக். இடங்களுக்கான ஆஃபர்களை இந்தத் தளம் வழியாகத்தான் தெரிவிக்கின்றன. மாணவர்களும் இதே தளத்தில்தான் பதில் சொல்ல வேண்டும். நான் சிவில் பிரிவில் கேட் எழுதி, இந்தத் தளத்தின் வழியாக ஓர் இடத்தை ஏற்றுக்கொண்டவன். இடங்களைப் பங்கிடும் கருவியாக இது நன்றாகவே வேலை செய்கிறது என்பதும், எந்த இடத்தை எடுப்பது என்று மாணவன் தவிக்கும் நேரத்தில் இதனால் காசுக்குப் பயனில்லை என்பதும் என் கருத்து. அந்த வெற்றிடத்தை நிரப்புபவர்கள் நண்பர்கள் என்பதால், அவர்களுடைய ஊக்கத்தையும் சேர்த்து எடைபோடாமல் இந்த மதிப்புரையை எழுத முடியாது.

முதலில் தளம் எதற்காக வந்தது என்று பார்த்துவிடலாம். 2017ஆம் ஆண்டுக்கு முன்பு ஒவ்வொரு ஐஐடியும் தனித்தனியாக ஆஃபர் அனுப்பி, தனித்தனியாகப் பணம் கட்டச் சொன்னது. நல்ல மதிப்பெண் எடுத்த ஒருவர் நாலைந்து இடங்களில் முன்பணம் கட்டி வைத்துவிட்டு, கடைசியில் ஓரிடத்தில் மட்டும் போய்ச் சேருவார். அவர் விட்டுவிட்டுப் போன இடங்கள் வகுப்பு தொடங்கிய பிறகுதான் காலி என்று தெரியவரும். அதற்குள் அடுத்த வரிசையில் இருந்தவர் வேறெங்காவது சேர்ந்திருப்பார் அல்லது வேலைக்குப் போயிருப்பார். ஒரு மாணவர் ஒரே நேரத்தில் ஓர் ஆஃபரை மட்டுமே கையில் வைத்திருக்க முடியும் என்ற கட்டுப்பாட்டைக் கொண்டுவந்ததுதான் கோஆப் செய்த பெரிய காரியம். பதிவு செய்யக் கட்டணம் கிடையாது. இலவசமாகக் கிடைக்கும் ஒரு சேவை, முன்பு இருந்த ஒரு பெரிய குழப்பத்தைத் தீர்த்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

இதில் பதிவு செய்துவிட்டால் எல்லா ஐஐடிகளுக்கும் விண்ணப்பித்ததாக ஆகிவிடும் என்று ஊர்ப்பக்கத்துக் கல்லூரிகளில் இன்னும் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. இங்கே கிடைப்பது ஒரு பதிவெண் மட்டுமே. அதை வைத்துக்கொண்டு, சேர விரும்பும் ஒவ்வொரு நிறுவனத்தின் தளத்திலும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். கட்டணமும் கடைசித் தேதியும் ஒவ்வோர் இடத்திலும் வேறு. அந்த விண்ணப்பத்தில்தான் எந்தச் சிறப்புப் பிரிவு முதல் விருப்பம், எது இரண்டாவது என்று வரிசைப்படுத்த வேண்டும். கோஆப் அந்த வரிசையைக் கேட்பதே இல்லை. நிறுவனங்கள் அனுப்புவதைக் காட்டும், நாம் சொல்வதை அவர்களிடம் சேர்க்கும், அவ்வளவுதான்.

சுற்றுகள் வாரக் கணக்கில் நடக்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் நமக்கு ஏதாவது வந்திருந்தால் அதற்கு எதிரே மூன்று தேர்வுகள் தெரியும். ‘அக்செப்ட் அண்ட் ஃப்ரீஸ்’ என்று கொடுத்தால் அந்த இடம் நமக்கு. பின்வரும் சுற்றுகளில் வேறெந்த ஆஃபரும் வராது. ‘ரிட்டெய்ன் அண்ட் வெயிட்’ என்றால் இருப்பதைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் நல்லது வருகிறதா என்று காத்திருக்கலாம். ‘ரிஜெக்ட் அண்ட் வெயிட்’ என்றால் இதை விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பது. விட்ட இடம் மறுபடி நமக்கு வராது. ரிட்டெய்ன் செய்ய இரண்டு முறைக்கு மேல் அனுமதி இல்லை என்பதுதான் இதில் கவனமாகப் படிக்க வேண்டிய விதி. அதை அறியாமல் முதல் சுற்றிலேயே பழக்கதோஷத்தில் ரிட்டெய்ன் கொடுத்துக்கொண்டே போகிறவர்கள், உண்மையிலேயே காத்திருக்க வேண்டிய கட்டத்தில் ஃப்ரீஸ் அல்லது ரிஜெக்ட் என்ற முட்டுச் சந்தில் வந்து நிற்கிறார்கள். ஒரே சுற்றில் இரண்டு நிறுவனங்கள் அழைத்தாலும் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். மற்றது போனது போனதுதான். பதில் சொல்லாமல் இருப்பதும் கைவிடுவதற்குச் சமம்.

என்ஐடிகளுக்கான சிசிஎம்டி கலந்தாய்வு இதற்கு நேர்மாறான முறையில் நடக்கிறது. அங்கே நம் விருப்பங்களையெல்லாம் ஒரே பட்டியலாக மேலிருந்து கீழ் வரை அடுக்கிக் கொடுத்துவிட்டால், கணினி நம் கேட் மதிப்பெண்ணை வைத்துக் கிடைக்கக்கூடிய மிக உயர்ந்த இடத்தை ஒதுக்கிவிடும். பிறகு ஃப்ரீஸ் (இதுவே போதும்), ஃப்ளோட் (எந்த நிறுவனத்திலாவது மேலான விருப்பம் வந்தால் மாறுவேன்), ஸ்லைடு (அதே நிறுவனத்துக்குள் மட்டும் மாறுவேன்) என்று நாம் சொல்ல வேண்டியது மட்டும் மிச்சம். யோசனையெல்லாம் ஆரம்பத்திலேயே முடிந்துவிடுவதால் அந்த முறை மனதுக்கு எளிது. கோஆப்பிலோ ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக யோசிக்க வேண்டியிருக்கிறது, அதுவும் அடுத்து என்ன வரும் என்று தெரியாமல். இரண்டும் தனித்தனி அமைப்புகள் என்பதால், திருச்சி என்ஐடியில் கட்டமைப்புப் பொறியியல் கிடைக்குமா என்று அறிவதற்கு முன்பே ஐஐடி ஆஃபருக்கு முடிவு சொல்லியாக வேண்டிய நிலையும் வரலாம். எனக்கு வந்தது.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் ஐஐடி மெட்ராஸில் மண் பொறியியல், அதாவது எங்கள் வட்டாரத்தில் ‘ஜியோடெக்’ என்று சொல்லப்படும் பிரிவு வந்தது. அதை ரிட்டெய்ன் செய்தேன். அடுத்த சுற்றில் ஐஐடி ரூர்க்கியின் நிலநடுக்கப் பொறியியல் துறையில், ஸ்ட்ரக்சுரல் டைனமிக்ஸ் பிரிவு வந்தது. இளநிலை இறுதியாண்டில் ஒரு ஐந்து மாடிக் கட்டடத்தை ஈடேப்ஸ் மென்பொருளில் வரைந்து, நிலநடுக்க விசைகளைக் கொடுத்து, தூண்கள் எப்படி அசைகின்றன என்று பார்த்ததிலிருந்து எனக்கு அந்தப் பக்கம்தான் ஈர்ப்பு. இருந்தும் மெட்ராஸ் மெட்ராஸ்தான். சொந்த மாநிலம், இரவு ரயிலேறினால் காலையில் வீடு, பெயரைச் சொன்னால் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ரூர்க்கி என்றதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, “அது எந்த ஸ்டேட்ல இருக்கு?” என்பதுதான்.

செய்தியைக் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் போட்டவுடன் வாழ்த்துகள் குவிந்தன. “மச்சான், ஐஐடி மெட்ராஸ்னா யோசிக்கவே கூடாதுடா, கண்ண மூடிட்டு ஃப்ரீஸ் பண்ணு” என்றான் விடுதியில் என் அறையில் இருந்தவன். “ரூர்க்கி போனா ரொட்டி தின்னே இளைச்சுடுவ” என்றான் இன்னொருவன். “ரெண்டுமே மாஸ்டா, நீ எது எடுத்தாலும் கலக்குவ” என்று மூன்றாவதாக ஒருவன். இவர்கள் யாருக்கும் என்மேல் பொறாமை இல்லை. தேர்வுக்குப் படித்த மாதங்களில் எனக்காக மெஸ்ஸிலிருந்து சாப்பாடு எடுத்து வந்து கொடுத்தவர்கள். ஆனால் அவர்களுடைய ஊக்கம் தேர்வுக்கு முன்னால் செய்த வேலையைத் தேர்வுக்குப் பின்னால் செய்யவில்லை என்பதைத்தான் நான் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

தேர்வுக்கு முன்னால் என் மனதில் இருந்தது ‘என்னால் முடியுமா’ என்ற கேள்வி. அதற்கு “முடியும்டா” என்பதே போதுமான பதில். காரணம் கேட்க வேண்டியதில்லை. இரண்டு இடங்கள் கையில் வந்தபிறகு இருந்த கேள்வி ‘எது’ என்பது. அதற்கும் அதே “முடியும்டா” வந்தபோது, இரண்டு தட்டிலும் ஒரே எடையை வைத்ததுபோலத் தராசு அசையாமல் நின்றது. ஊக்கம் கொஞ்சம் அதிகமானால் அது அவரவர்க்குத் தெரிந்த பெயரை நோக்கிச் சாய்ந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் படித்தவனுக்குத் தெரிந்த பெயர் ஐஐடி மெட்ராஸ். அந்த வளாகத்துக்குள் எந்தத் துறை, அதில் எந்தப் பிரிவு, இரண்டு வருடம் காலையிலிருந்து மாலை வரை அங்கே என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் யாரும் கேட்கவில்லை. டெலிகிராம் குழுக்களில் நிலைமை இன்னும் மோசம். அங்கே முகமே தெரியாத ஒருவர், போன ஆண்டின் கடைசி கேட் ஸ்கோரை மட்டும் பார்த்துவிட்டு, எங்கே கட்ஆஃப் அதிகமோ அதுவே நல்ல பிரிவு என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார். கட்ஆஃப் என்பது கூட்டம் எங்கே நின்றது என்பதைக் காட்டுமே தவிர, அங்கே என்ன கிடைத்தது என்பதைக் காட்டாது.

உருப்படியாக உதவியவள் ஒரு வகுப்புத் தோழி. அவள் வாழ்த்துச் சொன்ன கையோடு, “ரெண்டு இடத்தோட சிலபஸையும் திற, ரெண்டாவது செமஸ்டர்ல இருக்கற பேப்பர் பேரையெல்லாம் எனக்குப் படிச்சுக் காட்டு” என்றாள். தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் படிக்க ஆரம்பித்தேன். மண் பொறியியலின் பட்டியலில் அடித்தள வடிவமைப்பு, நிலத்தை வலுப்படுத்துதல், மண்ணின் இயக்கவியல் என்று வந்தன. நிலநடுக்கப் பொறியியலின் பட்டியலில் கட்டமைப்புகளின் அதிர்வியல், நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டட வடிவமைப்பு என்று வந்தன. முடிந்ததும் அவள், “முதல் லிஸ்ட்ட மளிகைச் சாமான் மாதிரி படிச்ச, ரெண்டாவது லிஸ்ட்ல நடுநடுவுல நிறுத்தி எனக்கு விளக்கம் சொன்னடா” என்றாள். அதைவிடத் தெளிவான ஆலோசனை எனக்கு எங்கும் கிடைக்கவில்லை. அதில் புகழ்ச்சியும் இல்லை, கட்டளையும் இல்லை. நான் என்ன செய்தேன் என்பதை என்னிடமே திருப்பிச் சொன்னாள்.

இரண்டாவதாக உதவியவர் எங்கள் கல்லூரியிலிருந்து முன்பே எம்.டெக். முடித்துவிட்டுச் சென்ற சீனியர் அண்ணன் ஒருவர். அவரிடம் ‘எது நல்லது’ என்று கேட்டபோது பதில் வரவில்லை. ‘இரண்டாம் ஆண்டு புராஜெக்டுக்கு வழிகாட்டியை யார் முடிவு செய்வார்கள், சோதனைக்கூடத்தில் முதுநிலை மாணவரைத் தொட விடுவார்களா, உதவியாளர் வேலை வாரத்தில் எத்தனை மணி நேரம்’ என்று கேட்டபோது அரை மணி நேரம் பேசினார். கேட் தகுதியுடன் எம்.டெக். சேருபவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. அதற்கு ஈடாக வாரம் எட்டு மணி நேரம் இளநிலை மாணவர்களின் ஆய்வகத்திலோ விடைத்தாள் திருத்துவதிலோ உதவ வேண்டும். இந்தத் தொகை எந்த ஐஐடிக்கும் ஒன்றுதான் என்பதால் அதை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை என்றும், விடுதிக் கட்டணத்தையும் ஊருக்குப் போய்வரும் செலவையும் மட்டும் கணக்குப் போட்டுப் பார் என்றும் அவர் சொன்னது வீட்டில் பேசுவதற்குப் பெரிய உதவியாக இருந்தது.

ரூர்க்கியைப் பற்றி நம் பக்கத்தில் அதிகம் பேசப்படுவதில்லை என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உத்தராகண்டின் ஹரித்வார் மாவட்டத்தில் இருக்கும் சிறிய ஊர். கங்கைக் கால்வாய் வெட்டும் பணிக்கு ஆள் பயிற்றுவிக்க 1847இல் அங்கே தொடங்கப்பட்ட பொறியியல் கல்லூரிதான் பிறகு தாமசன் கல்லூரியாகி, 1949இல் ரூர்க்கிப் பல்கலைக்கழகமாகி, 2001இல் ஐஐடியானது. கால்வாய் 1854இல் திறக்கப்பட்டது. இன்றும் ஊருக்கு நடுவே ஓடுகிறது. (நம் கிண்டிக் கல்லூரியின் வேர் 1794இல் தொடங்கிய நில அளவைப் பள்ளி என்பதை அங்குள்ள நண்பர்களிடம் சொல்லிவைப்பது நல்லது, பழமையைப் பற்றிய பேச்சு அத்துடன் ஓய்ந்துவிடும்.) இமயமலை அடிவாரம் என்பதால் நிலநடுக்கம் அங்கே பாடப்புத்தக விஷயம் இல்லை. 1960இலேயே நிலநடுக்கப் பொறியியலுக்கென்று தனி அமைப்பு அங்கே உருவாகிவிட்டது. கட்டட மாதிரிகளை ஏற்றி ஆட்டிப் பார்க்கும் அதிர்வு மேசையும் உண்டு. 1991இல் உத்தரகாசியிலும் 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் புஜ்ஜிலும் நேர்ந்த நிலநடுக்கங்களுக்குப் பிறகு இந்தத் துறையின் தேவையை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இவற்றில் ஒன்றுகூட கோஆப் தளத்தில் தெரியாது. அங்கே நான் பார்த்ததெல்லாம் நிறுவனத்தின் பெயர், பிரிவின் பெயர், பக்கத்தில் மூன்று தேர்வுகள்.

இதுதான் என் முதன்மையான குறை. பிரிவின் பெயருக்கு அருகில் அதன் பாடத்திட்டத்துக்கு ஓர் இணைப்பு கொடுப்பதில் தொழில்நுட்பச் சிக்கல் எதுவும் இருக்க முடியாது. கட்டணம் எவ்வளவு என்பதை அதே பக்கத்தில் காட்டுவதும் கடினமில்லை. பெயர்கள் ஒன்றுபோலவே இருக்கும் பிரிவுகள் வெவ்வேறு ஐஐடிகளில் வெவ்வேறு துறைகளின் கீழ் வருகின்றன; சில பிரிவுகளின் பெயரைப் படித்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று ஊகிக்கவும் முடியாது. மெட்ரோ நகரத்துக் கல்லூரியில் படித்தவனுக்கு விசாரிக்க அங்கேயே பத்து சீனியர்கள் இருப்பார்கள். எங்கள் கல்லூரியைப் போல ஓர் ஆண்டில் ஓரிருவர் மட்டும் ஐஐடிக்குப் போகும் இடத்தில், தளம் சொல்லாத எதையும் வேறு யாரும் சொல்வதில்லை.

பதிலளிக்கக் கொடுக்கப்படும் அவகாசம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இரண்டு நாள்தான். காத்திருப்பவர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த வேகம் நியாயம். ஒருவர் விடும் இடம்தான் அடுத்தவருக்கு அடுத்த சுற்றில் போகிறது. ஆனால் வீட்டில் எல்லோரும் சேர்ந்து பேசி முடிவெடுக்கும் நம் வழக்கத்துக்கு இரண்டு நாள் போதாது. ஆகவே பேச வேண்டியதைச் சுற்று தொடங்கும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும். எந்தெந்த இணைகள் வரலாம் என்று முந்தைய ஆண்டுகளின் ஸ்கோரை வைத்து ஓரளவு கணிக்க முடியும். ‘அதுவும் இதுவும் சேர்ந்து வந்தால் இது’ என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டால், அன்றைக்குக் கத்தல் குறையும்.

விதிமுறைகள் கேள்வி பதில் வடிவில் தெளிவாகவே எழுதப்பட்டிருக்கின்றன என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆண்டுதோறும் ஏதாவது ஓர் ஐஐடி பொறுப்பேற்று நடத்துவதால் தளத்தின் முகவரியும் தேதிகளும் மாறும். போன ஆண்டு யாரோ போட்ட யூடியூப் காணொளியை நம்பாமல் அந்த ஆண்டின் விதிகளையே படிக்க வேண்டும். ஐஐடி மெட்ராஸின் எம்.எஸ். போன்ற ஆய்வுவழிப் படிப்புகளுக்குச் சேர்க்கை தனி வழியில் நடக்கிறது. ஆய்வில் ஆர்வமுள்ளவர்கள் கோஆப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த வண்டியைத் தவறவிடுவார்கள்.

நான் கடைசியில் ரூர்க்கியை ஃப்ரீஸ் செய்தேன். திருச்சியின் முடிவு அப்போது வரவில்லை. வந்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது என்றே நினைக்கிறேன். “லூசாடா நீ” என்று முதலில் எழுதியவனும் என் அறைத்தோழன்தான். ரயிலுக்கு ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தவனும் அவனே. அந்த வகை ஊக்கத்துக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். இடத்தைத் தேர்ந்தெடுக்க அது உதவவில்லை, ஆனால் தேர்ந்தெடுத்த பிறகு ஊரை விட்டுக் கிளம்ப உதவியது.

தளத்துக்கு ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், இடங்களை நியாயமாகச் சுழல விடுவதற்கு நாலரையும், தேர்ந்தெடுக்க உதவுவதற்கு ஒன்றும் கொடுப்பேன். அடுத்த ஆண்டு பயன்படுத்தப் போகும் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு: நம்மிடம் இருக்கும் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் இங்கே செல்லாது. மத்திய அரசின் படிவத்தில் ஓபிசி-என்சிஎல் (கிரீமி லேயரில் வராத இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் வேண்டும், அதுவும் அந்த ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி அல்லது அதற்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும் என்றே பொதுவாகக் கேட்கிறார்கள். ஏப்ரல் முதல் வாரத்திலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று கையெழுத்து நகர்ந்து வருவதற்குள் முதல் சுற்று வந்துவிடும்.